சீருடையும் சீரிய வாழ்வும்



1950இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் நம் சிறுவர் பலர் சேர்கின்றனர். அவர்தம் சீருடையை அணியும் முறையை இம்மாதம் சிந்திப்போம். முக்கோணக் கழுத்துத்துணியை நீண்ட ஓரத்திலிருந்து சீராகச் சுருட்டி, முனை முதுகின் நடுவே விழுமாறு கழுத்திலிட்டு, இரு நுனிகளையும் முன்புறம் வளையத்துள் செலுத்துதல் வேண்டும். அது வெறும் அணிகலனன்று. கை முறிந்தவரைக் கண்டால், அக்கணமே அவிழ்த்து, அக்கையைத் தாங்கும் கட்டாக இடுவதற்கும் உரியது. ஆகவே என்றும் தூய்மையாய் இருத்தல் வேண்டும்.

சின்னங்களோ, உறுதிமொழி ஏற்றும் தேர்வில் தேறியும் பெறத்தக்கவை. பிள்ளை பெறாத சின்னத்தை அவன் ஆசைக்கிணங்கித் தைத்துக் கொடுக்கும் பெற்றோர், பொய்யொன்றை அவன் நெஞ்சின்மீது தைத்தவராவர். திருமுழுக்கில் வெண்ணாடை பெற்ற நாம், உடைக்கொத்த வாழ்வை அவனுக்கு முதலில் காட்டுவோமாக.