கொப்பியில் உள்ள திகதி

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பிவிட்டால் பெற்றோரின் கடமை முடிந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது அக்கருத்துக்குப் பெரியதொரு சோதனை நேர்ந்தது. பள்ளிக்கூடமே வீடு தேடி வந்தது; ஆயின் அதனை வரவேற்க நம் வீடுகள் ஆயத்தமாக இருக்கவில்லை.

கல்விக்கு நேரும் இடையூறு வன்னி மண்ணுக்குப் புதிதன்று. 1996இல் மக்கள் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழல்களே வகுப்பறைகளாயின. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டுத் திரியேற்றிய சிக்கன விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். ஆயினும் அன்று ஆசிரியர் நம் கண்முன்னே இருந்தார். படிக்காத பிள்ளையின் முகம் அவருக்கு உடனே தெரிந்தது. 2020இல் விளக்கும் புத்தகமும் வீட்டில் இருக்க, அந்த முகம் மட்டும் ஆசிரியருக்குத் தெரியாமற் போயிற்று.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திற் பாடங்கள் இருந்தன. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. நம் கிராமங்களிலோ பெரும்பாலும் வட்ஸ்அப்பே பள்ளிக்கூடமாயிற்று. ஆசிரியர் குறிப்பை எழுதிப் படம்பிடித்து அனுப்புவார். பிள்ளை அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும்.

2021இல் பயணத் தடை தளர்ந்த ஒரு நாள், மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். "அவன் விடிஞ்சதிலயிருந்து போனும் கையுமாத்தான் இருக்கிறான் சேர். ஒரே படிப்புத்தான்" என்றார் தாயார், பெருமையோடு. கொப்பியை வாங்கிப் பார்த்தோம். கடைசிப் பக்கத்திலிருந்த திகதி இருபத்திரண்டு நாட்களுக்கு முந்தியது! நாம் அனுப்பியதை அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக நம் கைத்தொலைபேசியில் நீலக்குறி விழுந்துகொண்டே இருந்தது. தாயார் பையனின் கையிலிருந்த போனை நம்பினார். நாம் நீலக்குறியை நம்பினோம். பையனைக் கடிந்துகொள்ளும் தகுதி எம் இருவருக்கும் இருக்கவில்லை.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது சேர். நான் என்னத்தைப் பார்க்கிறது?" என்று அவர் கலங்கினார்.

"கலண்டரில் இலக்கம் தெரியுமோ அம்மா?"

"அது தெரியும்."

"அந்த இலக்கம் கொப்பியில் இருக்குதோ எண்டு மட்டும் பொழுதுபட்டதும் பாருங்கோ."

அவ்வாண்டின் இறுதியிற் பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தபோது அப்பையன் வகுப்பில் இருந்தான். அவனுக்குப் பின் வாங்கில் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. அவ்விடத்திற்குரிய பிள்ளை மேசனுக்குக் கையாளாகப் போய்விட்டான் என்று பிறகு அறிந்தோம். அவனுடைய கொப்பியை எவரும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்து கற்கும் காலத்திற்குச் செய்யவேண்டிய ஆயத்தங்களுள் முதலாவது இதுவே. பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தல் போதாது. கொப்பியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேட்பதற்குத் தாய் படித்தவளாக இருக்கவேண்டியதில்லை. தெரியாதவருக்கு விளங்கச் சொல்லும் பிள்ளைக்குத்தான் பாடம் விளங்கியிருக்கிறது.

அடுத்தது பங்கீடு. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரு கைத்தொலைபேசியே இருக்கும். அதையும் தகப்பனார் பகலில் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் திரும்பியபின் கிடைக்கும் நேரத்தை மூவருக்கும் பிரித்து, எழுதிச் சுவரில் ஒட்டிவிடுதல் நன்று. இல்லாவிடின் பரீட்சை எழுதும் மூத்தவனே அதை வைத்திருப்பான்; எழுத்துக்கூட்டப் பழகும் கடைக்குட்டிக்கு எதுவும் மிஞ்சாது. அக்குட்டிக்குப் போனைவிடத் தமக்கையின் குரலே மேலானது. நாளுக்கு அரைமணி நேரம் அவள் வாசித்துக் காட்டட்டும்.

அந்தத் தமக்கையைப் பற்றியும் ஒரு சொல். "வீட்டிலேதானே நிற்கிறாய்" என்று சொல்லி அடுப்படி வேலையெல்லாம் பெண்பிள்ளையின் தலையிற் போடுவது நம் வழக்கம். பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் அவளும் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகவே எண்ணுதல் வேண்டும். தண்ணீர் அள்ளும் வேலையில் தம்பிக்கும் பங்குண்டு.

இடத்தைப் பற்றியும் சிந்திக்கலாம். போனோடு பிள்ளை அறைக்குள் அடைந்து கிடப்பது பல தீமைகளுக்கு வழி. விறாந்தையில், நாலுபேர் நடமாடும் இடத்தில், ஒரு பாயும் வெளிச்சமும் இருந்தாற் போதும். அயல்வீட்டுப் பிள்ளையும் உடனிருந்து படித்தால் இருவருக்கும் உற்சாகம் பிறக்கும். போன் இல்லாத பிள்ளைக்கும் குறிப்புக் கிடைக்கும். அனுப்பிய குறிப்பை அன்றன்றே கொப்பியில் எழுதிவிடுதல் அவசியம். டேற்றா முடிந்தாலும் மின்சாரம் நின்றாலும் எழுதிய பக்கம் அழியாது.

இவையெல்லாம் கடந்துபோன கதை என்று இருந்துவிடுதல் தகாது. 2022 மார்ச் இறுதியில் மின்சாரம் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை தடைப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. இனி எக்காரணத்தாற் கதவு மூடப்படும் என்று எவரும் அறியார்.

ஆதலால், பாடசாலை திறந்திருக்கும் இன்றே இப்பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். இன்று பொழுதுபட்டதும், நேயர்களே, உங்கள் பிள்ளையின் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கத்தின் திகதியைப் பாருங்கள். ஆசிரியர்களாகிய நாமும் நீலக்குறியை விட்டுக் கொப்பியைப் பார்க்க வருவோம்.