பயணச்சீட்டு சொல்லாத இரண்டரை மணி நேரம்

சென்ற மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உம்ராவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். பயணச்சீட்டை என்னிடம் காட்டி, "தம்பி, காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால் பகல் 1.15-க்கு ஜித்தாவாம். மூன்றேகால் மணி நேரம்தானே! இறங்கிய பிறகு நிதானமாக இஹ்ராம் உடுத்திக்கொள்ளலாம்" என்றார். இஹ்ராம் துணி, விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றப்படும் பெரிய பெட்டிக்குள் கட்டி வைக்கப்பட்டிருந்தது!

பெரியவரின் கணக்கில் இரண்டு பிழைகள்.

முதலாவது, கடிகாரம். பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களாகும். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஜித்தாவில் பகல் 1.15 என்றால் சென்னையில் மாலை 3.45. ஆகவே, வானில் கழிவது ஐந்தே முக்கால் மணி நேரம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோ மீட்டர். மணிக்கு 850 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தாலும், ஏறவும் இறங்கவும் வளைந்து செல்லவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. ஐந்தேகால் மணி நேரப் பயணம், பயணச்சீட்டில் ஏழே முக்கால் மணி நேரமாகத் தோன்றும்.

இரண்டாவது பிழைதான் கவலைக்குரியது. மக்காவை நாடிச் செல்பவர் இஹ்ராம் இன்றி மீக்காத் எல்லையைக் கடக்கலாகாது. விமானம் அவ்வெல்லையைக் கடப்பது, ஜித்தாவில் இறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே! இறங்கிய பின் உடுத்தலாம் என்றிருப்போர் எல்லையைத் தாண்டிவிட்டிருப்பர். அதற்குப் பரிகாரம் தேட வேண்டிய நிலை வந்துவிடும்.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் சென்ற நாட்களில் இந்த அவசரம் இல்லை. பயணம் பல நாட்கள் நீடித்தது. யலம்லம் நேருக்கு வருமுன் குளித்து, உடுத்தி, தொழுது காத்திருக்க அவகாசம் இருந்தது. 1995-இல் அக்கப்பல் பயணம் நின்றது. இன்று விமானமோ சில நிமிடங்களில் எல்லையைக் கடந்துவிடுகிறது.

எனவே, நேரே மக்கா செல்வோர் வீட்டிலேயோ விமான நிலையத்திலேயோ குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்வது நலம். மீக்காத் நெருங்குவதாக அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா ஓதலாம். உறக்கம் மேலிடும் என்று அஞ்சுவோர் முன்னதாகவே நிய்யத் செய்துகொள்ளலாம். முதலில் மதீனா செல்வோருக்கு இது பொருந்தாது. அவர்கள் அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிவர்.

பெரியவர் அன்றிரவே பெட்டியைப் பிரித்து, துணியைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார். உங்கள் இல்லத்திலும் எவரேனும் புறப்படுவதாயின், பெட்டியைக் கட்டுமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: "இஹ்ராம் எந்தப் பையில் இருக்கிறது?"

அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் இலகுவாக்கி ஏற்றருள்வானாக! ஆமீன்.