நிவாரணம் கொடுத்தாயிற்று, பிள்ளையை யார் பார்ப்பது?

குழந்தைகளின் ஊட்டச்சத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து எழுதுகிறேன். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனதால் இதை ஊரறிய எழுதுகிறேன்.

2024 ஜூனில் எங்கள் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பணம் வந்த வீட்டுக்குள் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்க யாரும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன். அப்பா செத்தபோது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவன். "துக்கத்துல பால் வத்திடும், குடுக்காத" என்று உறவுக்காரர்கள் சொல்ல, அவன் அம்மா நிறுத்திவிட்டாள். துக்கம் பார்க்க வந்தவர்கள் பால்பவுடரும் பிஸ்கட்டும் கொடுத்துப் போனார்கள். அடிக்கடி சப்பக் கொடுத்தால் பால் ஊறும் என்று அருகில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் இல்லை. பவுடர் தீர்ந்ததும் கஞ்சித் தண்ணீர். அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. இப்போது அவள் விடியுமுன் கரும்பு வெட்டப் போகிறாள். கண் மங்கிய பாட்டிதான் ஊட்டுகிறாள். புஜத்தைச் சுற்றி நாடா வைத்துப் பார்த்தால் 11.8 சென்டிமீட்டர். 12.5-க்குக் கீழே மஞ்சள், அதாவது ஊட்டக்குறைவு; 11.5-க்குக் கீழே சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதி மனு கொடுத்தோம். வந்த பதில்: "நிவாரணத் தொகை வழங்கப்பட்டுவிட்டது. மனு முடித்துவைக்கப்படுகிறது."

ஐயா, நாங்கள் கேட்டது பிள்ளையின் கையைப் பற்றி. நீங்களே சொல்லுங்கள், இது பதிலா?

பேரிடருக்குப் பிறகு பச்சிளம் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பது உலகம் ஆராய்ந்து கண்ட விஷயம். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது இலவசப் பால்பவுடர் குவிந்தது. அதைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். அங்கே எண்ணிப் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. இங்கே செத்தவர்களை மட்டும் எண்ணினோம். புயலும் வெள்ளமும் வந்தால்தான் பேரிடரா? ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தகப்பன்மார் போனது என்ன கணக்கு?

சாராயம் என்றதும் எல்லோர் பார்வையும் கல்வராயன் மலைக்குத் திரும்பியது. அங்கே சாராய ஊறல் தேடி ஏறிய போலீஸ் கால்கள், வெள்ளிமலைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் பிள்ளைகளின் எடை பார்க்கவும் ஏறியிருக்கக் கூடாதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கருணாபுரத்திலும் மலையிலும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் அளந்து பாருங்கள். கண்டதை எங்களுக்கும் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவளின் பிள்ளைக்குச் சுடுசோறு கிடைக்க வழி செய்யுங்கள். அந்தப் பையனுக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதைத் தாண்டிவிட்டால் அதற்கும் ஒரு தொகை அறிவிப்பீர்கள். எங்களுக்கு அந்தத் தொகை வேண்டாம், பிள்ளைதான் வேண்டும்.

இப்படிக்கு,
கருணாபுரத்துக்காரன்