கீரைக்கெல்லாம் ஒரே பெயரா?

ஆங்கிலத்தில் ஸ்பினாச் என்று எங்கே பார்த்தாலும் தமிழில் "பசலைக்கீரை" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் கீரை என்று எங்கே பார்த்தாலும் ஆங்கிலத்தில் ஸ்பினாச். இரண்டுமே தப்பு. இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

ஸ்பினாச் பாரசீகத்துப் பயிர், குளிர் தாங்கும் செடி. பசலை வெயிலில் படரும் கொடி. குடும்பமே வேறு. இலை தடிப்பு, வெந்தால் வழவழப்பு. 1929இல் கார்ட்டூனில் வந்த பாப்பாய் டப்பா டப்பாவாக விழுங்கியது பசலை அல்ல! (பாலக் என்று விற்பதிலாவது குழப்பம் இல்லையா என்றால், அந்தப் பெயரில் பீட்ரூட் இனத்துக் கீரை ஒன்றும் விற்கிறது. விடுங்கள்.)

அகராதியோடு போனால் பரவாயில்லை. இது அடுப்பங்கரை வரை வந்துவிட்டது. பெயர் ஒன்றானதும் பக்குவமும் ஒன்றாகிவிட்டது. எந்தக் கட்டு வந்தாலும் இலையை உருவு, தண்டை எறி, வேகவைத்து மிக்ஸியில் அடி. முடிந்தது கதை.

முளைக்கீரை என்பது விதைத்த மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கும் இளஞ்செடி. தண்டை நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும், நார் இழுத்தால் முற்றல். வேரை மட்டும் வெட்டிவிட்டு, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மண்சட்டியில் பூண்டு, சீரகம், பச்சைமிளகாயோடு திறந்தபடி வேகவைத்து, மத்தால் கடைய வேண்டும். மூடி வைத்தால் கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். இதற்குப் பயந்து சமையல் சோடா போடும் ஓட்டல்களில் நிறம் நிற்கிறது, வைட்டமின் சி நிற்பதில்லை.

அரைக்கீரையை வேரோடு பிடுங்குவதில்லை. அறுக்க அறுக்கத் துளிர்க்கும், அறுகீரை என்றே ஒரு பெயர் உண்டு. சின்ன வெங்காயம் போட்ட கடைசலுக்கு இதுதான். தண்டுக்கீரைக்கோ தண்டுதான் சரக்கு. தோல் சீவி சாம்பாரில் போட்டால் முருங்கைக்காய் தோற்றுவிடும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு இலையை மட்டும் சமைப்பவரை என்ன சொல்வது...

வெந்த தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிடுவது இன்னொரு கூத்து, வெளிநாட்டு ஸ்பினாச் குறிப்புகளிலிருந்து வந்தது. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அதில் நியாயம் உண்டு, ஆக்சலேட் கொஞ்சம் குறையும். மற்றவர்கள் எதற்கு ஊற்ற வேண்டும்?

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. "ஸ்பினாச் சாப்பிடுங்க" என்று யாராவது சொன்னதும் சூப்பர் மார்க்கெட் பாலக் பாக்கெட்டுக்கு ஓடுகிறார்கள், வாசலில் கூவிப்போகும் பாட்டியின் கூடையில் முளைக்கீரை வாடிக்கிடக்கிறது. கால்சியத்தில் அது பாலக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டாது என்பதும் உண்மை. அதற்கு வேண்டியது பாக்கெட் அல்ல, சாப்பிடும்போது பிழிய ஒரு மூடி எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் வீண்.

ஆங்கிலத்தில் எழுதியே ஆகவேண்டும் என்றால் முளைக்கீரைக்கு அமரந்த் என்று ஒரு சொல் இருக்கிறது, பசலைக்கு மலபார் ஸ்பினாச் இருக்கிறது. அரைக்கீரையை அரைக்கீரை என்றே எழுதிவிடுங்கள். இட்லியை அப்படித்தானே எழுதுகிறார்கள்?