அரைப் புள்ளி இருட்டு

"உங்களுக்கென்னங்க, வானம் பூரா நட்சத்திரம்!" லீவுக்கு வர்ற சென்னைக்காரர்கள் தவறாமல் சொல்வது. கேட்டாலே எரிச்சல் வருது. கிராமம்னா இருட்டு தானா இருக்கும்னு நினைக்கிறீங்க. அது போய்க்கிட்டிருக்கு.

கண்ணால் பார்த்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குத்தான் எஸ்க்யூஎம் என்று கையடக்கமாக ஒரு மீட்டர் இருக்கிறது. உள்ளே ஒரு ஒளி சென்சார். விழுகிற வெளிச்சத்தைத் துடிப்புகளாக மாற்றும். இருட்ட இருட்டத் துடிப்பு குறையும். அதைக் கணக்குப் போட்டு ஒரு எண் காட்டும். எண் கூடினால் இருட்டு கூடுதல், இதுதான் முதலில் குழப்பும். மனுசன் விளக்கே எட்டாத வானம் 22-ஐ ஒட்டி வரும். பெரிய நகரத்து நடுவில் 17, 18. ஐந்து எண் இறங்கினால் வானம் 100 மடங்கு வெளுத்துவிட்டது என்று அர்த்தம்.

மேகமில்லாத அமாவாசை ராத்திரியில், எந்த விளக்கும் நேராகப் படாத இடத்தில், உச்சி வானத்தைப் பார்த்துப் பிடிக்கணும். எங்க கொல்லைமேட்டில் அஞ்சு வருசம் முந்தி மாசி அமாவாசைக்கு 21.1. இந்த மாசிக்கு, அதே வரப்பு, அதே நடுராத்திரி, 20.6. அரைப் புள்ளிதானேன்னு சிரிக்காதீங்க. வானத்து வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கு.

யார் ஏத்தினது? ஊர் முனையில் ஹைமாஸ்ட், தெருவெல்லாம் மூடியில்லாத வெள்ளை எல்இடி. அப்புறம் வார விடுமுறைக்கு வந்து போகிற உங்க ஃபார்ம் ஹவுஸ்: ஆளே இல்லாத காம்பவுண்டில் விடிய விடிய ஃப்ளட்லைட்! காவலாம். தொலைநோக்கி வைக்க இருட்டு தேடித்தான் எங்க ஜவ்வாது மலைமேல் காவலூருக்குப் போனார்கள். சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் அந்த வானத்திலும்தான் ஏறுது.

விளக்கே வேண்டாம்னு சொல்ல நான் பைத்தியமா? ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவன், வரப்பில் பாம்பு கிடக்கும். ஆனால் மேலே போற வெளிச்சம் பாம்பைக் காட்டாது. மேலே மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பினால் பாதி வாட்டே போதும். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் போடலாம். நீலம் கலந்த வெள்ளைதான் காற்றில் அதிகம் சிதறும். ராத்திரியின் நீளம் பார்த்துக் கதிர் விடுகிற சம்பா நெல், கம்பத்தடியில் பச்சையாவே நிக்குது. அந்த நஷ்டம் யார் கணக்கு?

அடுத்த கிராம சபைக்கு இந்த ரெண்டு எண்ணையும் எழுதி எடுத்துட்டுப் போறேன். "இருட்டு போச்சு"ன்னு சொன்னா சிரிப்பாங்க. 21.1, 20.6-ன்னா தீர்மான நோட்டில் ஏத்தச் சொல்லிக் கேட்கலாம். உங்க காம்பவுண்டு விளக்கையும் சேர்த்துத்தான் கேட்பேன்.