அட்டையில் ஒலித்த கிடார்

ஸ்பெயினின் பார்சலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் விசித்திரமான கிடார் ஒன்று இருக்கிறது. முன்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. 1862-ல் அதைச் செய்தவர் விளையாட்டுப் பொம்மை செய்கிறவர் அல்ல. இன்று உலக மேடைகளில் ஒலிக்கும் கிளாசிக்கல் கிடாருக்கு வடிவம் கொடுத்த அந்தோனியோ தெ தோரெஸ். கிடாரின் நாதம் முன்பலகையில்தான் பிறக்கிறது, மற்றதெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கும் பெட்டி என்பது அவர் கட்சி. வாய் வார்த்தையில் நேரத்தைக் கழிக்காமல் செய்தே காட்டிவிட்டார்.

அல்மேரியா அருகே 1817-ல் பிறந்த தோரெஸ் அடிப்படையில் தச்சர். அவருக்கு முந்தைய கிடார் சிறிய வாத்தியம். நாலு பேர் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றது. அதன் உடலை அவர் அகலமாக்கினார். அதிரும் கம்பியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்ற அளவு நிலைத்ததும் அவரால்தான். முன்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் ஏழு குச்சிகளை விசிறிபோலப் பரப்பி ஒட்டினார். கைவேலைக் கிடார்களில் பெரும்பாலானவை இன்றும் அந்த விசிறியின் வாரிசுகள்தான்.

பார்வைக்கு எளிதாகத் தெரியும் இந்த வேலையில்தான் சூட்சுமமெல்லாம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையில் இழுக்கின்றன. அதைத் தாங்க வேண்டிய பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். கனம் கூடினால் ஒலி உள்ளேயே அடங்கிவிடும். குறைந்தால் பலகை நாளடைவில் உப்பித் தொய்ந்துபோகும். ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் அளவுகோலை மட்டும் நம்பிப் பயனில்லை. சீவுவது, கையில் வளைத்துப் பார்ப்பது, விரல் முட்டியால் தட்டிக் கேட்பது, மறுபடி சீவுவது. தொழிற்சாலை எந்திரம் எல்லாப் பலகைக்கும் ஒரே கனத்தை வைக்கிறது; கைவினைஞர் ஒவ்வொரு பலகைக்கும் அதற்கான கனத்தைத் தேடுகிறார். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தத் தேடலுக்குத்தான். ரகசியம் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் இருக்கிறது, அதைச் சொல்லித்தர முடியாது என்று தோரெஸ் கூறியதாக, அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்தார்.

இவ்வளவு பாடும் வெறும் சத்தத்துக்காக அல்ல. வயலினில் வில் இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். கிடாரிலோ மீட்டிய கணமே ஸ்வரம் சாகத் தொடங்குகிறது. அந்தச் சாவைத் தள்ளிப்போடுவதும், கடைசி வரிசைவரை ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும்படி செய்வதும்தான் நல்ல கிடாரின் வேலை. மைக்கே வேண்டாம் என்று பெரிய அரங்குகளில் வாசித்த ஆந்த்ரேஸ் செகோவியாவுக்கு இது வாழ்வா சாவா விஷயம். அவர் வைத்திருந்த 1912-ஆம் ஆண்டின் மாட்ரிட் கிடாரை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1924-ல் பார்த்து அளவெடுத்தார் ஹெர்மான் ஹவுசர். பிறகு கிடார் கிடாராகச் செய்து காட்டியும் செகோவியா திருப்தி அடையவில்லை. 1937-ல்தான் தலையசைத்தார். அந்த ஒரு கிடார் சுமார் 25 ஆண்டுகள் அவருடன் உலகம் சுற்றியது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஓய்வெடுக்கிறது.

தோரெஸுக்கு அந்த மரியாதையெல்லாம் வாழும் காலத்தில் கிடைக்கவில்லை. 1869-ல் பட்டறையை மூடிவிட்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்ப் பீங்கான் சாமான் கடை வைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் உளி எடுத்தார். 1892-ல் இறந்தார்.

அவருடைய அட்டைக் கிடார் எழுப்பிய கேள்வி மட்டும் சாகவில்லை. அந்தக் கேள்வி நம் காடுகளையும் தொடுகிறது. கச்சேரிக் கிடார் என்றால் முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட்டாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதலில் பிரேசில் ரோஸ்வுட். அது அரிதாகிக்கொண்டே வந்து, 1992-ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே, 1960-களிலிருந்து, கிடார்க்காரர்களின் பார்வை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தின்மேல், அதாவது நம் தோதகத்தியின்மேல், திரும்பியிருந்தது. தமிழ்நாடு 1994-ல் இந்த ஒரு மரத்தைக் காக்கவே தனிச் சட்டம் போட்டது. 2017-ல் ரோஸ்வுட் குடும்பம் முழுவதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. வாத்தியக்காரர்கள் எழுப்பிய கூக்குரலில், முடிந்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் விலக்கு கிடைத்தது. வயநாட்டின் முட்டில் பகுதியில் ஈட்டி மரங்களை வெட்டிக் கடத்திய விவகாரம் 2021-ல் கேரளத்தைக் கலக்கியது. வெட்டியவர்கள் மனதில் கிடார் இருந்திருக்காது, விலை இருந்தது. அந்த விலைக்கு உலகச் சந்தையின் மோகமும் ஒரு காரணம்.

மோகத்துக்குக் காது சாட்சி சொல்லுமா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு மரம் மட்டுமே வேறுபட்ட ஆறு கிடார்களை 52 வாத்தியக்காரர்களிடம் கொடுத்தார்கள். மங்கலான வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி. 2018-ல் வெளியான முடிவு: விலை உயர்ந்த மரத்துக்குத் தனி மதிப்பெண் எதுவும் விழவில்லை. அவை எஃகுக் கம்பிக் கிடார்கள், கிளாசிக்கலுக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மந்தர ஸ்வரங்களின் ஆழம் ரோஸ்வுட்டில்தான் வருகிறது என்று சத்தியம் செய்கிற வித்வான்களும் உண்டு. அவர்களையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் தோரெஸின் புகழ்பெற்ற படைப்புகளைப் புரட்டினால் சங்கடம்தான். ‘லா லியோனா’ என்று பெயர் பெற்ற 1856-ஆம் ஆண்டுக் கிடாரின் முதுகு சைப்ரஸ். ஃபிரான்சிஸ்கோ தாரெகா ஆசையாக வைத்து வாசித்த 1864-ஆம் ஆண்டுக் கிடாரின் முதுகு மேப்பிள். இரண்டிலும் ரோஸ்வுட் இல்லை.