அன்னதானத்துக்கு ஒரு மேசை, பாரத்துக்கு ஒரு மேசை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

நம்ம மடப்பள்ளியில காய்கறி நறுக்கும்போது அடிக்கடி ஒரு பேச்சு வரும். "அரசாங்கம் சும்மா சும்மா காசு குடுத்து ஆளுங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க." சொல்றவங்க கெட்டவங்க இல்ல. விடியக்காலையில எழுந்து கம்பெனி பஸ் ஏறி, ஓவர்டைம் செஞ்சு, பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க. அவங்களுக்கு அப்படித் தோணுறதுல ஆச்சரியம் இல்ல. ஆனா தொண்டூழியரா நாங்க அரிசி மூட்டையோட வீடு வீடா போனப்போ பார்த்தது வேற. காசு வாங்கிச் சோம்பேறி ஆனவங்களை நாங்க அதிகம் பார்க்கல. தங்களுக்கு வர வேண்டிய காசு வராமலே போனவங்களைத்தான் நிறைய பார்த்தோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னால போவோம். 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குச்சு. கோயில் கதவையும் மூடிட்டோம். மார்ச் 27ஆம் தேதி அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல் உதவித் தொகையை அறிவிச்சார். மாத வருமானம் 4,000 வெள்ளி வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. ஏப்ரல்ல 1,000, மே மாசம் 600. 4,001 முதல் 8,000 வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு 1,000. கல்யாணம் ஆகாத, 21 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு வருமானத்தைப் பார்த்து 800 இல்லன்னா 500.

இன்னிக்கும் நம்ம ஆளுங்க இது எல்லாத்தையும் "பிரிம் காசு"ன்னுதான் சொல்றாங்க. பிரிம் 2012ல் 500 வெள்ளியோட தொடங்குச்சு. அப்புறம் ஆட்சி மாற மாற பேரும் மாறிக்கிட்டே வந்துச்சு. பந்துவான் சாரா ஹிடுப், பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட், பந்துவான் கெலுவார்கா மலேசியா, இப்போ சும்பாங்கான் துணாய் ரஹ்மா. பேரு எதுவா இருந்தாலும், அரசாங்கத்தோட பட்டியல்ல நம்ம விவரம் சரியா இருக்கணும். இருந்தா காசு தானா வரும். இல்லன்னா நாமதான் மனு போடணும், மறுத்துட்டா மேல்முறையீடு செய்யணும். 2020லயும் அதுதான் நடந்துச்சு. ஏற்கெனவே பதிவுல இருந்தவங்க கையைக்கூட அசைக்கல, ஏப்ரல்ல காசு பேங்க்ல விழுந்துச்சு. அவ்வளவு வேகமா குடுத்ததைப் பாராட்டத்தான் வேணும். பதிவுல இல்லாதவங்கதான் தவிச்சுப் போனாங்க.

1,600 வெள்ளி பெரிய காசான்னு கேட்டா, அந்த வருஷம் பெரிய பட்டணங்கள்ல குறைந்தபட்சச் சம்பளமே 1,200 வெள்ளி. ஒரு மாசச் சம்பளமும் கொஞ்சமும், அவ்வளவுதான். அதை வச்சு யாரும் சோம்பேறியா உட்கார முடியாது.

எங்கள்ல பல பேர் தொழிற்சாலையில லைன் பார்க்கிறவங்க. எங்க கையில சம்பளச் சீட்டு இருந்துச்சு. ஆளை நிறுத்தாம இருக்க முதலாளிக்குச் சம்பள மானியம் கிடைச்சுது. 4,000 வெள்ளிக்குக் கீழ சம்பளம் வாங்குற தொழிலாளி ஒருத்தருக்கு மாசம் 600 முதல் 1,200 வரைக்கும், கம்பெனியோட அளவைப் பொறுத்து. அதனால வேலை நின்னாலும் எங்க பேரு ஏதோ ஒரு கணக்குல இருந்துச்சு. வீட்டு வேலைக்குப் போற அக்கா, புல்லு வெட்டுற அண்ணன், லாரி உதவியாள், பூ கட்டுறவங்க, கல்யாணத்துக்கு மேளம் வாசிக்கிறவங்க, இவங்க யாருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. முதலாளி வழியா வர்ற எந்த உதவியும் அவங்களைத் தொடல. இந்தக் குடும்ப உதவித் தொகை ஒண்ணுதான் அவங்களுக்கு வழி. அதுவும் விட்டுப் போச்சுன்னா?

எப்படி விட்டுப் போச்சுன்னு நாங்க பார்த்ததைச் சொல்றோம்.

ஒரு வீட்டுல புருஷன் பிரிஞ்சு போய் பல வருஷம். பதிவுல அவர்தான் இன்னும் குடும்பத் தலைவர். காசு அவர் கணக்குக்குப் போயிடுச்சு. மூணு பிள்ளைங்களோட அந்த அக்கா இங்க இருந்தாங்க. கோர்ட்டுல முறைப்படி பிரியாததால என்ன செய்யிறதுன்னு அவங்களுக்குத் தெரியல.

இன்னொரு வீட்டுல ஒரு பாட்டி தனியா இருந்தாங்க. பேங்க் கணக்கு எடுக்காம போடாம கிடந்து முடங்கிப் போச்சு. கணக்கு இல்லாதவங்க பி.எஸ்.என்.ல ரொக்கமா வாங்கிக்கலாம்னு ஏற்பாடு இருந்துச்சு, அது நல்ல ஏற்பாடுதான். அதைப் பாட்டிக்குச் சொல்ல ஆள் இல்ல.

சில பேருக்கு இணையத்துல பாரம் நிரப்பத் தெரியல. மலாய்ல என்ன கேட்டிருக்குன்னு புரியல. போன் நம்பரை மாத்திட்டாங்க, பழைய நம்பருக்குத் தகவல் போச்சு. சில பேர் ஏஜெண்டுன்னு சொன்னவர்கிட்ட 30, 50 வெள்ளி குடுத்து நிரப்பினாங்க. இலவசமா செய்யிற காரியம் அது.

எல்லாத்தையும் விட மோசம், பிறப்புப் பத்திரமோ நீல ஐசியோ இல்லாதவங்க. இங்கேயே பிறந்து, இங்கேயே தாலி கட்டி, இங்கேயே தீ மிதிச்சவங்க. குடிமக்களுக்கு மட்டும்னு சொன்ன உடனே அவங்களுக்குக் கதவு அடைச்சாச்சு.

இதுல ஒருத்தராவது சோம்பேறியா, சொல்லுங்க.

காசை வாங்கிச் சீட்டு விளையாடினவன், குடிச்சவன் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கான். நாங்களும் பார்த்திருக்கோம். அன்னதானத்துல ஒருத்தர் மூணு பொட்டலம் எடுத்துக்கிட்டுப் போறதையும் பார்த்திருக்கோம். அதுக்காக அன்னதானத்தை நிறுத்தினோமா? வரிசையை ஒழுங்கு பண்ணினோம். அரசாங்க உதவிக்கும் அதே நியாயம்தான். பெரும்பாலான வீட்டுல அந்தக் காசு மளிகைக்கடைப் பற்று, வீட்டு வாடகை, பால் மாவுன்னு போச்சு. அது பிச்சையும் இல்ல. வருமான வரி கட்டாதவங்ககூட கடையில வாங்குற சாமானுக்கு வரி சேர்த்துத்தான் கட்டுறாங்க. எண்ணெய் விற்ற காசும் இந்த நாட்டு மக்கள் எல்லாருக்கும் சொந்தமானது.

இந்த உதவி கிடைக்காம போனா என்ன ஆகும்? கடன் வாங்குவாங்க, இல்லன்னா சேமநிதியில கை வைப்பாங்க. இதைத்தான் நாம இன்னும் சரியா புரிஞ்சுக்கல. ஈ.பி.எஃப்.ல இருந்து எடுக்க விட்டதையும் சில பேர் அரசாங்க உதவின்னு நினைச்சாங்க. ஐ-லெஸ்தாரியில மாசம் 500 வெள்ளி வரைக்கும், அப்புறம் ஐ-சினார், 2021ல் ஐ-சித்ராவுல 5,000, 2022ல் சிறப்பு முறையில 10,000. நாலையும் சேர்த்து நாடு முழுக்க வெளியே போனது 145 பில்லியன் வெள்ளி. அது எல்லாம் நம்ம சொந்தக் காசு, நம்ம கிழவயசுச் சோறு. எடுத்தவங்களைக் குறை சொல்லல. பிள்ளைக்குப் பால் வாங்க வேற வழி இல்லாம எடுத்தாங்க. ஆனா ஒரு கணக்கைப் பாருங்க. 5,000 வெள்ளியை எடுக்காம விட்டு, வருஷத்துக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைச்சா, 15 வருஷத்துல அது 10,000ஐத் தாண்டிடும். 2020லயே ஈ.பி.எஃப். 5.2 விழுக்காடு குடுத்துச்சு. ஒரு பாரம் நிரப்பாததால 1,600 வெள்ளி போச்சுன்னு நினைக்கிறோம். அந்த 1,600க்குப் பதிலா சேமநிதியைத் தின்னவருக்கு நட்டம் அதுக்கும் மேல. வேலையிடத்துல 50 வயசைத் தாண்டின சில தொழிலாளிங்க தங்களோட ஈ.பி.எஃப். கணக்கைக் காட்டும்போது எங்களுக்கு வயிறு கலங்குது.

2021 நடுவுல பிளாட்டு ஜன்னல்கள்ல வெள்ளைக் கொடி பறந்ததும் ஞாபகம் இருக்கும். அக்கம்பக்கத்துல இனம் பார்க்காம எல்லாரும் ஓடி வந்து உதவினாங்க. நல்ல மனசு. ஆனா கொடி கட்டுற அளவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த வீட்டு விவரத்தைச் சரி பண்ணி வச்சிருக்கலாமே.

பாரம் நிரப்பாததுக்கு நம்ம சமூகம் ஏற்கெனவே பெரிய விலை குடுத்திருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனு போடாமலே விட்ட தோட்டத்து மக்கள் ஏராளம். தோட்டம் இருக்கு, லயத்து வீடு இருக்கு, இது எதுக்குன்னு இருந்துட்டாங்க. 1968ல் குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு. 1969க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பேர் வேலையை இழந்து கப்பல் ஏறினாங்க. ஐசி இல்லாம இன்னிக்குத் தவிக்கிற சில குடும்பங்களோட கதையும் அந்தக் காலத்துல தொடங்கினதுதான். எழுத்து தெரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து நிரப்பிக் குடுத்திருந்தா, அதுல பாதியாவது தப்பிச்சிருக்கும்.

அதனால நாங்க கேட்கிறது ஒண்ணுதான். நம்ம கோயில்ல அன்னதானத்துக்கு மேசை போடுற மாதிரி, பாரத்துக்கும் ஒரு மேசை போடுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசைக்கு எப்படியும் ஜனங்க வர்றாங்க. மண்டபத்து ஓரத்துல ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு லேப்டாப் போதும். எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க, யூனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் மாறி மாறி உட்காரட்டும். பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும்.

அந்த மேசையில செய்ய வேண்டியது:

1. மைஎஸ்டிஆர் தளத்துல விவரம் சரியா இருக்கான்னு பார்த்துக் குடுக்கிறது. புதுசா பிறந்த குழந்தை, இறந்து போன துணை, பிரிஞ்ச தம்பதி, மாறின போன் நம்பர், மாறின பேங்க் கணக்கு.

2. மைகார்டு நல்லா இருக்கான்னு பார்க்கிறது. 2025ல் 18 வயசுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லாருக்கும் குடுத்த 100 வெள்ளி சாரா உதவி மைகார்டு வழியாத்தான் வந்துச்சு, ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரைக்கும். கார்டு தொலைச்சிட்டு, எடுக்கலாம் எடுக்கலாம்னு தள்ளிப் போட்டவங்களுக்குத்தான் சிரமம்.

3. மறுக்கப்பட்ட மனுவுக்கு மேல்முறையீடு எழுதிக் குடுக்கிறது.

4. பிறப்புப் பத்திரம், ஐசி இல்லாதவங்க விவரத்தை எடுத்து, என்னென்ன தாள் வேணும்னு பட்டியல் போட்டு, தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூடவே போறது. இது ஒரு நாள்ல முடியாது, வருஷக் கணக்குல இழுக்கும். அதனாலதான் இன்னிக்கே தொடங்கணும்.

செய்யக் கூடாததும் இருக்கு. யார்கிட்டயும் ஒரு காசு வாங்கக் கூடாது. யாருடைய பாஸ்வோர்டையும் எழுதி வைக்கக் கூடாது, அவங்க கையாலேயே தட்டட்டும். உதவி கேட்டு வந்தவங்களைப் போட்டோ எடுத்து முகநூல்ல போடக் கூடாது. எந்தக் கட்சிக் கொடியும் அந்த மேசைப் பக்கம் வரக் கூடாது. அவங்க வீட்டு வருமானத்தைப் பற்றி மடப்பள்ளியில வந்து பேசவே கூடாது. இந்தக் கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம். கூச்சத்துனாலதான் பாதிப் பேர் வராம இருக்காங்க.

"இது கோயில் வேலையா? அரசாங்க ஆபீஸ் எதுக்கு இருக்கு?"ன்னு சில பெரியவங்க கேட்டாங்க. மரியாதையோட பதில் சொல்றோம். ஆபீசுக்குப் போகப் பயப்படுறவங்க கோயிலுக்கு வரப் பயப்படுறது இல்ல. லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் இல்லாதவங்க, சாயங்காலம் சாமி கும்பிட வர்ற நேரத்துலதான் இதைப் பார்க்க முடியும். ஒரு வேளைச் சோறு போடுறது புண்ணியம். ஒரு குடும்பம் சொந்தக் காசுல பல வேளை சமைச்சுச் சாப்பிட வழி பண்ணுறதும் புண்ணியம்தான். உபயக்காரர் பேரைக் கல்லுல வெட்டுறோம், நல்லது. இந்த மேசைக்குக் கல்லும் வேணாம், உபயமும் வேணாம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் குடுக்க ஆள் வேணும்.

அடுத்த நெருக்கடி எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. வந்த பிறகு பாரம் தேடி ஓடினா, மறுபடியும் விட்டுப் போறது அதே வீடுகள்தான்.

கோயில் நிர்வாகத்துக்கு எழுத்து மூலமா இந்தக் கோரிக்கையைக் குடுக்கப் போறோம். மேசையில உட்காரத் தயாரா இருக்கிற பிள்ளைங்க, இளைஞர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எங்களைத் தனியா மெசேஜ்ல தொடர்பு கொள்ளுங்க. உங்க தாமான்ல, பிளாட்ல பதிவு இல்லாத வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க பேரை இங்க கமெண்ட்ல போடாதீங்க. நேர்ல போய், "அக்கா, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது ஐசியையும் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்.

எல்லாருக்கும் அம்பாள் துணை.